15 மாத நர்சிங் பட்டம்: வேறு துறையிலிருந்து வருபவரை வார்டுக்குத் தயார் செய்கிறதா?

கேள்வி | நிலாச்சோறு

வணக்கம். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்காக அமெரிக்காவில் நடத்தும் விரைவு பி.எஸ்.என்., அதாவது நர்சிங் இளநிலைப் பட்டப் படிப்பைப் பற்றிய கேள்வி இது. நிலவரம்: இந்தியாவில் பி.இ., எட்டு ஆண்டு மென்பொருள் டெஸ்டிங் வேலை, இப்போது டாலஸ் பக்கம், ஹெச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான ஹெச்-4 விசா, வேலை அனுமதியான இஏடி உண்டு. பார்த்து வைத்திருப்பது 15 மாதப் படிப்பு. பாடங்கள் பெரும்பாலும் ஆன்லைனில், லேபும் மருத்துவமனைப் பயிற்சியும் நேரில்.

லைசென்ஸ் தேர்வைப் படித்துத் தேறிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் பயமுறுத்துகிறது. முதல் வேலையில் ஐந்து நோயாளிகளை ஒப்படைக்கும்போது, 15 மாதப் படிப்பு கைகொடுக்குமா? நான்கு ஆண்டு படித்தவரோடு ஒப்பிட்டால் எது குறையும், அதை எங்கே ஈடுகட்டுவது? கல்லூரியிடம் என்ன கேட்டால் உண்மை வெளிவரும்? விளம்பரங்களைப் படித்துச் சலித்துவிட்டது. வார்டிலும் வகுப்பிலும் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பதில் | இரவுஷிஃப்ட்

லைசென்ஸ் வரைக்கும் இந்தப் படிப்பு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தனியாக ஐந்து நோயாளிகளைப் பார்க்கும் இடம் வரை கொண்டுபோகாது. நான்கு ஆண்டு படித்து வருபவரும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். பேட்ரிசியா பென்னர் 1984இல் நர்சுகளின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். பட்டம் முடித்து வருபவர் அதில் இரண்டாம் படியில் நிற்கிறார். மூன்றாம் படிக்கு, அதாவது தன் வேலையைத் தானே திட்டமிட்டுச் செய்யும் நிலைக்கு, ஒரே மாதிரியான பிரிவில் இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

நான்கு ஆண்டு என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் ஆங்கிலம், வரலாறு, உளவியல், அடிப்படை அறிவியல். உங்கள் பழைய பட்டம் அந்தப் பொதுப் பாடங்களுக்கு ஈடாகிவிடும். மிச்சமிருக்கும் நர்சிங் பகுதியை விடுமுறை இல்லாமல் ஓட்டுவதுதான் விரைவுப் படிப்பு. 11 முதல் 18 மாதம். மருத்துவமனைப் பயிற்சி, அதாவது கிளினிக்கல் மணிகள் வழக்கமான மாணவர்களுக்கு உள்ள அதே அளவு என்றுதான் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கமான ஏஏசிஎன் விவரிக்கிறது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இதை 1971இலேயே தொடங்கிவிட்டது. புதிய சோதனை என்று பயப்பட ஒன்றுமில்லை.

குறைவது ஊறும் காலம். இதயநோய்ப் பாடம் செவ்வாய்க்கிழமை, வியாழன் கிளினிக்கலில் அந்த நோயாளி கிடைக்கவில்லை, அடுத்த செவ்வாய் சிறுநீரகம் தொடங்கிவிடும். வழக்கமான படிப்பில் அதே இதய நோயாளியைக் கோடை விடுமுறை வேலையிலோ அடுத்த செமஸ்டரிலோ பார்த்துவிட வாய்ப்புண்டு. இங்கே தவறினால் தவறியதுதான்.

ஒரு கிளினிக்கல் நாள் எப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர்கள். மாணவர் மருந்து கொடுக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். மருந்தைப் பார்த்து, ஏன், எதற்கு, எந்த லேப் எண்ணைப் பார்த்தாய் என்று கேட்டு, கைப்பட்டை ஸ்கேன் செய்து முடிக்க ஒருவருக்கு 20 நிமிடம். எட்டுப் பேருக்கு 160 நிமிடம். காலை 9 மணி மருந்தை ஒரு மணி நேரம் முன்பின்னாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது பல மருத்துவமனைகளின் விதி. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆறு பேருக்கு மேல் முடியாது; நடைமுறையில் ஒரு நாளில் நிஜமாக மருந்து கொடுப்பவர்கள் மூன்று அல்லது நான்கு பேர். மற்றவர்கள் குளிப்பாட்டுவார்கள், பிபி பார்ப்பார்கள், உடன் நடப்பார்கள். 12 மணி நேரம் பதிவேட்டில் ஏறும், ஆனால் முடிவெடுத்த நேரம் அதில் ஒரு மணிகூட இருக்காது.

மாணவர் பொதுவாக ஒன்றிரண்டு நோயாளிகளைத்தான் பார்ப்பார். டாக்டரின் வாய்மொழி உத்தரவை வாங்க மாணவருக்கு அனுமதி இல்லை. பல இடங்களில் ரத்தம் ஏற்றவும் கூடாது. அதனால் பட்டம் முடித்த நர்ஸ் முதல் வேலையில் தடுமாறும் இடங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த அறைக்கு முதலில் போவது, இரவு 3 மணிக்கு டாக்டரை எழுப்பலாமா, எழுப்பினால் என்ன சொல்வது.

புதியவர் தடுமாறும் இன்னொரு இடம், நோயாளி சரிவதைக் கண்டுபிடிப்பது. அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், 70 கிலோ எடையுள்ளவர். காய்ச்சல் 37.9, நாடி 104, மூச்சு 22, பிபி 108/60, நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லி. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் யாரும் ஓட மாட்டார்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கில் சிறுநீர் 140 மில்லி வந்திருக்க வேண்டும். மூச்சு 22 என்பது செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை, என்று சந்தேகிப்பதற்கான எல்லை. புதியவர் ஐந்து எண்களையும் சரியாகப் பதிவு செய்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அனுபவசாலி அவற்றைக் கோத்துப் பார்த்து, அவசரத்துக்கு ஓடிவரும் ரேப்பிட் ரெஸ்பான்ஸ் குழுவைக் கூப்பிடுவார். அதைவிட மோசம், மூச்சை எண்ணாமலே 18 என்று எழுதும் பழக்கம். முதல் நாளிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சரிவை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எண்தான்.

ஈடுகட்ட ஒரு வழி: படிப்புக்கு முன்பே நர்சிங் உதவியாளர், அதாவது சிஎன்ஏ சான்றிதழ் வாங்கி, சில மாதம் வேலை செய்யுங்கள். பயிற்சிக்குக் கூட்டரசின் குறைந்தபட்ச வரம்பு 75 மணி நேரம். மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, மலம் துடைப்பது, குழம்பிப்போன முதியவரோடு பேசுவது, இவையெல்லாம் கைக்குப் பழகிவிட்டால் கிளினிக்கலில் உங்கள் கவனம் முழுக்க மருந்துக்கும் முடிவுக்கும் போகும். இந்தத் துறையே நமக்கு ஒத்துவருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பல ஆயிரம் டாலர் ஃபீஸ் கட்டிய பிறகு தெரிவதைவிட நல்லது.

சிமுலேஷன், அதாவது பொம்மை நோயாளியை வைத்துச் செய்யும் பயிற்சி, மணிகளைப் பற்றிக் கல்லூரி பெருமையாகச் சொன்னால், மொத்த மணியிலிருந்து அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பொம்மைக்கு வியர்க்காது.


பதில் | கிரெடிட்கணக்கு

கல்லூரியை எடைபோடும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், 15 மாதம் என்பது 15 மாதம் இல்லை. பி.இ. படித்தவரிடம் உயிரியல் இருக்காது. உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், இரண்டும் லேபுடன். நுண்ணுயிரியல் லேபுடன். இவற்றோடு ஊட்டச்சத்து, மனித வளர்ச்சிப் பருவ உளவியல், பல இடங்களில் வேதியியல். புள்ளியியல் உங்கள் பழைய மதிப்பெண் பட்டியலில் தனிப் பாடமாக இருந்தால் ஏற்கக்கூடும். 'பொறியியல் கணிதம் 4' என்ற பெயரில் இருந்தால் பாடத்திட்ட நகலோடு போராட வேண்டிவரும். முதல் பகுதி உடற்கூறியல் முடிக்காமல் இரண்டாம் பகுதி எடுக்க முடியாது, ஆகவே எவ்வளவு வேகமாகப் போனாலும் இரண்டு செமஸ்டர் தேவை. கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் செலவு குறைவு. அதன்பின் படிப்பு, பிறகு தேர்வுக்கும் லைசென்சுக்கும் இரண்டு மூன்று மாதம். இன்று தொடங்கினால் வார்டில் கால் வைக்க இரண்டரை ஆண்டு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் பாடங்களுக்குப் பல கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக் காலாவதி வைத்திருக்கின்றன. படித்துவிட்டு நடுவில் நிறுத்தி வைத்தால் வீணாகும்.

உங்கள் பட்டம் நான்கு ஆண்டு என்பதால் மதிப்பீட்டில் சிக்கல் வராது. இதைப் படிக்கும் மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். காரர்கள் கவனிக்க வேண்டும்: சில மதிப்பீட்டு நிறுவனங்கள் அதை அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக எழுதித் தராது. பாடவாரி மதிப்பீட்டை வாங்கி, அதைக் கல்லூரிக்குக் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது தேர்ச்சி விகிதம். மாநில நர்சிங் வாரியங்கள் கல்லூரிவாரியாக வெளியிடும் முதல் முயற்சித் தேர்ச்சி விகிதத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அது பட்டம் வாங்கித் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது மட்டுமே. 60 பேர் சேர்ந்து, 42 பேர் முடித்து, 40 பேர் தேறினால் விளம்பரத்தில் 95 சதவீதம் என்று வரும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 67 சதவீதம். மீதி 18 பேர் எங்கே போனார்கள்? பல கல்லூரிகளில் தேர்வுச் சராசரி 75க்கும் கீழே போனால் பாடம் தோல்வி, 74.9ஐ 75 ஆக்கித் தர மாட்டார்கள். ஒரு பாடம் போனால் அடுத்த மாணவர் அணி வரும்வரை காத்திருக்க வேண்டும், இரண்டு போனால் வெளியே. கடைசி செமஸ்டரில் வெளித்தேர்வு நிறுவனம் நடத்தும் முன்னோட்டத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினால்தான் பட்டம் என்று நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு. ஆகவே இப்படிக் கேளுங்கள்: 'கடைசி மூன்று அணிகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள்?' எண் சொல்லாமல் சுற்றி வளைத்தால் அதுவே பதில்.

ஆன்லைன் கலந்த படிப்பில் இன்னொரு பள்ளம், கிளினிக்கல் இடத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்பது. கல்லூரியே செய்ய வேண்டும், மருத்துவமனைகளின் பெயர் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டிலிருந்து எத்தனை மைல் என்று சொல்ல வேண்டும். பிரசவப் பிரிவும் குழந்தைகள் பிரிவும்தான் எப்போதும் தட்டுப்பாடு. 'குழந்தைகள் கிளினிக்கல் எங்கே?' என்ற கேள்விக்குப் பள்ளிக்கூட மருத்துவ அறை என்று பதில் வந்தால், டிரிப் போட்ட ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்குவீர்கள் என்று பொருள். கலிபோர்னியாவில் சட்டப்படி 500 மணி நேரம் நோயாளியை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 30 மணி. எல்லா மாநிலமும் இப்படி எண் வைக்கவில்லை. வேறு மாநிலத்தில் படித்தாலும் அந்த 500ஐயும் 30ஐயும் அளவுகோலாக வைத்துக் கேட்கலாம்.

நர்சிங் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் அங்கீகாரம் இருக்கிறதா, மாநில வாரியத்தின் ஒப்புதல் முழுமையானதா, நிபந்தனையோடு கூடியதா என்பதை வாரியத்தின் தளத்திலேயே பாருங்கள். கல்லூரியின் தளத்தில் வேண்டாம்.

வாரக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு 12 மணி ஷிஃப்ட், வகுப்பு 16, லேப் 4, படிப்பு குறைந்தது 25. மொத்தம் 69 மணி. சின்னக் குழந்தை இருந்தால், அந்த 69 மணியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அட்மிஷனுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கும் திட்டம் இருந்தால், விசிட்டர் விசாவில் வழக்கமாகத் தருவது ஆறு மாதம், படிப்பு 15 மாதம்.


பதில் | லேப்கோட்

இரவுஷிஃப்ட் அவர்கள் சொன்னவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்கிறேன். சிமுலேஷனைக் கழித்துவிடச் சொன்னதை ஏற்க முடியவில்லை.

அமெரிக்க மாநில வாரியங்களின் பேரவையான என்சிஎஸ்பிஎன் பத்துக் கல்லூரிகளில் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான கிளினிக்கல், அடுத்ததற்கு 25 சதவீதம் சிமுலேஷன், மூன்றாவதற்கு 50 சதவீதம். லைசென்ஸ் தேர்விலும், வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத் திறமையிலும் கருத்தில் கொள்ளும்படியான வேறுபாடு தெரியவில்லை. நீங்களே போட்ட 20 நிமிடக் கணக்கு இதற்குச் சாதகமானது. வார்டில் எட்டில் மூன்று பேர் மருந்து கொடுத்துவிட்டு வரும் நாளில், லேபில் நாலு பேர் கொண்ட குழு சரிந்துகொண்டிருக்கும் நோயாளியை முழுதாகக் கையாண்டு, தவறு செய்து, அதைப் பேசித் திரும்பச் செய்யலாம். உண்மையான நோயாளிக்கு ரத்த அழுத்தம் 70க்கு இறங்கும்போது மாணவரை யாரும் முன்னே விட மாட்டார்கள்.

ஆனால் அந்த ஆய்வுக்கு நிபந்தனைகள் இருந்தன. நடத்துபவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள், காட்சி முடிந்ததும் முறையான அலசல் நடந்தது. இந்த அலசல்தான் உயிர். 15 நிமிடக் காட்சிக்குக் குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து, 'மூச்சு 24 என்று பார்த்தபோது என்ன நினைத்தாய்?' என்று கேட்க வேண்டும். கணினித் திரையில் கிளிக் செய்யும் மெய்நிகர் நோயாளியையும் சிமுலேஷன் என்றே கணக்கெழுதுகிறார்கள். கல்லூரியிடம் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். லேபைக் காட்டச் சொல்லி, ஒரு காட்சியில் எத்தனை பேர் கையால் செய்கிறார்கள், எத்தனை பேர் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 2023இலிருந்து லைசென்ஸ் தேர்வான என்க்ளெக்ஸ் புதிய வடிவில் வருகிறது. 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். குறைந்தபட்சம் மூன்று நோயாளி வரலாறுகள், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள்: அறிகுறியைக் கண்டுகொள், பொருள் கொள், எது முதலில் என்று முடிவு செய், வழிகளை யோசி, செய், பலனைப் பார். செப்சிஸ் நோயாளியின் ஐந்து எண்களைக் கோக்கும் அதே வேலை. மனப்பாடம் செய்து 90 வாங்கிப் பழகியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிப் பழக்கத்தோடு வருபவர்கள் இதை முதல் வாரத்திலேயே உணர வேண்டும். டெஸ்டிங் வேலையில் இருந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு: 'இது ஏன் எதிர்பார்த்தபடி இல்லை?' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மூளை.


பதில் | இரவுஷிஃப்ட்

லேப்கோட், அலசல் ஒழுங்காக நடக்கும் சிமுலேஷனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கழிக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் ஐந்து நோயாளிகளுக்கு நடுவே இடைவிடாமல் குறுக்கிடும் மணி, அழைப்பு, உறவினரின் கேள்வி, இவற்றோடு சேர்த்து யோசிக்கும் பயிற்சி லேபில் வராது.


பதில் | தேம்ஸ்கரை

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்து நிலவரம். இங்கே பட்டதாரிகளுக்கான விரைவு வழி இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. பதிவுக்கு 4,600 மணி நேரம் காட்ட வேண்டும், பாதி வகுப்பு, பாதி, அதாவது 2,300, பயிற்சி. முன்படிப்பையும் முன்னனுபவத்தையும் காட்டி அதிகபட்சம் பாதிவரை விலக்கு வாங்கலாம் என்பதால்தான் மூன்று ஆண்டு இரண்டாகிறது. பயிற்சி மணிகளில் 600 வரை சிமுலேஷனாக இருக்கலாம். மாணவர் வார்டின் ஆள் கணக்கில் சேர மாட்டார். குறை ஒன்று: மாணவராக இருக்கும்போதே வயது வந்தோர், குழந்தை, மனநலம் என்று ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்கிறோம். அமெரிக்கப் படிப்பு எல்லாவற்றையும் தொட்டுப் போகும், ஆழம் குறையும்.


மறுகேள்வி | நிலாச்சோறு

எல்லாருக்கும் நன்றி, குறித்து வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு. மருந்துக் கணக்குத் தேர்வில் 90 அல்லது 100 சதவீதம் வாங்காவிட்டால் கிளினிக்கலுக்கு அனுப்ப மாட்டார்கள் என்கிறார்கள். பி.இ. கணக்குப் போட்டவருக்கு அது ஒரு பொருட்டா? அடுத்து, ஹெச்-4 விசாவில் படித்து வேலைக்குப் போவதில் எங்கே முட்டும்?


பதில் | மருந்துக்கணக்கு

கணக்கு எட்டாம் வகுப்பு அளவுதான். பொறியாளர்கள் தவறுவது கணக்கில் இல்லை, அலகில்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் டிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி பையில் 25,000 யூனிட், அதாவது மில்லிக்கு 100 யூனிட். உத்தரவு: முதலில் கிலோவுக்கு 80 யூனிட் ஒரே தடவையாக, பிறகு கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். நோயாளி 70 கிலோ. முதல் டோஸ் 5,600 யூனிட். தொடர் டோஸ் மணிக்கு 1,260 யூனிட், பம்பில் 12.6 மில்லி. இதுவரை சுலபம். ஆனால் அமெரிக்காவில் நோயாளி தன் எடையைச் சொல்வது பவுண்டில். 154 என்று சொன்னதைக் கிலோ கட்டத்தில் எழுதிவிட்டால் பம்பு 27.7 மில்லி காட்டும். இரண்டு மடங்குக்கும் மேல் ஹெப்பரின் ஏறும், ரத்தக்கசிவு வரும். கால்குலேட்டர் சரியான விடைதான் தந்திருக்கும். அதனால்தான் எடையைத் தராசில் பார், கிலோவில் எழுது, இரண்டாவது நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கட்டும் என்று விதி.

தேர்வில் மதிப்பெண் போகும் இன்னொரு இடம் முழுமையாக்கல். ஒரு தசமத்துக்கு, முழு எண்ணுக்கு என்று கேள்வியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் 12.63 என்று எழுதினால் தவறு. 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 என்று எழுதுவதும் தவறு. புள்ளி தேய்ந்தால் 50 ஆகிவிடும். அதே காரணத்துக்காக .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுத வேண்டும்.

கணக்கோடு நிற்காமல் 'இந்த விடை நம்பும்படியாக இருக்கிறதா?' என்று கேட்கப் பழகுங்கள். பொட்டாசியம் டிரிப் சாதாரண நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. கணக்கு 40 என்று காட்டினால் கணக்கோ உத்தரவோ, ஏதோ ஒன்று தவறு. பொட்டாசியத்தை ஊசியில் நேராகத் தள்ளவே கூடாது, இதயம் நின்றுவிடும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரவில்லை என்று பார்த்தால், அடுத்த அரை மணி நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. வேக இன்சுலினைத் தட்டு அறைக்குள் வந்த பிறகு போடுவது இதைவிட நல்ல வழி.


பதில் | விசாக்கதவு

ஹெச்-4இல் படிக்கத் தடை இல்லை, மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியதில்லை. வேலைக்கு இஏடி வேண்டும். மே 2015இல் வந்த விதிப்படி, வாழ்க்கைத் துணைக்காக அவர் நிறுவனம் போட்ட கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தால் அல்லது துணை ஆறாண்டு வரம்பைத் தாண்டி ஹெச்-1பி நீட்டிப்பில் இருந்தால் கிடைக்கும். உங்களிடம் இருக்கிறது. ஆனால் அது காலாவதி ஆகும் தேதியைப் படிப்பு முடியும் மாதத்தோடு வைத்துப் பாருங்கள். புதுப்பிப்பு தாமதமானால் மருத்துவமனை உங்களை ஷிஃப்டில் போட முடியாது. புது நர்ஸ் பயிற்சியின் நடுவில் அப்படி நின்றால் அணியிலிருந்து விலக்கக்கூடும்.

இஏடி இல்லாதவர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது. சில மாநில வாரியங்கள் அது இல்லாமல் லைசென்ஸ் தருவதில் சிக்கல் செய்யும். சேரும் முன் அந்தந்த வாரியத்திடம் கேட்டுவிடுங்கள். எஃப்-1இல் படித்தால், படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி 12 மாதம் மட்டும். நர்சிங், அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் இல்லாததால் 24 மாத நீட்டிப்பு கிடையாது. வார்டு நர்ஸ் வேலைக்கு ஹெச்-1பி கிடைப்பதும் கடினம், பட்டம் கட்டாயம் என்று அந்த வேலையை வகைப்படுத்துவதில்லை. நல்ல செய்தி ஒன்று: பதிவு பெற்ற நர்ஸ் வேலை 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் உள்ளது. மருத்துவமனை உங்களுக்கு கிரீன் கார்டு விண்ணப்பித்தால், உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் நிறுவும் பெர்ம் கட்டம் தேவையில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி-3 கிரீன் கார்டு வரிசை மட்டும் எப்படியும் நீளம்தான்.

ஹெச்-4இல் கூட்டரசு மாணவர் கடன் கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்டு, ஆனால் இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்குக் கூட்டரசின் பெல் உதவித்தொகை இல்லை.

நம் ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது: கிளினிக்கலுக்கு முன் காசநோய்ச் சோதனை கேட்பார்கள். சிறுவயதில் பிசிஜி போட்டிருந்தால் தோலில் குத்தும் சோதனை தவறாக பாசிட்டிவ் காட்டலாம். முதலிலேயே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இல்லையென்றால் எக்ஸ்ரே, கடிதம் என்று இரண்டு வாரம் போகும். ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால் மூன்று டோஸ் தொடர் முடிய ஆறு மாதம் ஆகும். முன்பாடங்கள் படிக்கும்போதே பார்த்துவிடுங்கள். டெக்சாஸில் லைசென்சுக்குக் கைரேகைச் சரிபார்ப்பும் நர்சிங் சட்டத் தேர்வும் தனியாக உண்டு.


பதில் | இரவுஷிஃப்ட்

கடைசியாக முதல் வேலை பற்றி. படிப்பில் குறையும் ஊறும் காலத்தை இங்கேதான் திரும்ப வாங்க முடியும். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட அதிகக் கவனம் இதற்குத் தேவை. விரைவுப் படிப்பில் வந்தவர் சம்பளத்தையும் சேரும் போனஸையும் பின்னுக்குத் தள்ளி, பயிற்சிக் காலத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புது நர்ஸ் ரெசிடென்சி என்று இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவமனைகளுக்கான சேவை நிறுவனமான விசியன்ட்டும் ஏஏசிஎன்னும் 2002இலிருந்து சேர்ந்து நடத்தும் திட்டம் 12 மாதம் ஓடும். பெயருக்கு ரெசிடென்சி என்று வைத்துக்கொண்டு இரண்டு நாள் வகுப்பு நடத்தும் இடங்களும் உண்டு. ஆகவே எண்களாகக் கேளுங்கள். மூத்த நர்சின் அருகில், அதாவது ப்ரீசெப்டரோடு, எத்தனை வாரம்? பொது வார்டுக்கு 8க்குக் கீழே சொன்னால் தயங்குங்கள், 12 நல்லது. ஐசியூவுக்கு 16க்குக் குறையக் கூடாது. ஒரே ப்ரீசெப்டரா, ஷிஃப்டுக்கு ஒருவரா? ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வாரம் முடிந்தும் தயாராகவில்லை என்றால் நீட்டிப்பார்களா? பயிற்சி முடிந்து எத்தனை மாதத்தில் வேறு வார்டுக்கு ஆள் பற்றாக்குறைக்காக அனுப்புவார்கள்? இரவில் அந்த வார்டில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர் எத்தனை பேர்?

நோயாளி எண்ணிக்கையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் பொது வார்டில் ஒரு நர்சுக்கு ஐந்து பேர், ஐசியூவில் இரண்டு என்று சட்டமே இருக்கிறது. டெக்சாஸில் அப்படி எண் வரம்பு இல்லை. இரவில் ஆறு, ஏழு என்றால் முதல் ஆண்டுக்கு அது கனம். போனஸ் வாங்கினால் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும், நடுவில் போனால் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்.

டாக்டரைக் கூப்பிடும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, என்ன வேண்டும் என்ற நான்கு வரி வரிசை. மேலே சொன்ன நோயாளிக்கு: '412ஆம் அறை, மூச்சு 22, நாடி 104, நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லி. குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். செப்சிஸோ என்று சந்தேகிக்கிறேன். வந்து பாருங்கள், லாக்டேட்டும் ரத்தக் கல்ச்சரும் எடுக்கட்டுமா?' கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது எப்போதும் கடைசி வரிதான். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாமல் எண்களை மட்டும் ஒப்பித்தால், மறுமுனையில் 'சரி, பார்த்துக்கொண்டிருங்கள்' என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவார்கள்.